நாரி நோ எண்டு மட்டும் சொல்லாதேங்கோ

எங்கள் வீடுகளில் நாரி நோ இல்லாத பெரியவர் ஆர் இருக்கினம்? அம்மா சோபாவால் எழும்பும்போது ஒரு கை நாரியில் இருக்கும். அப்பா ஸ்னோ தள்ளிவிட்டு வந்து கதிரையில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விடுவார். சித்தாலேப, கோடாலித் தைலம், சுடுதண்ணிப் பை, டைலனோல், இவற்றில் ஒன்றாவது கட்டில் தலைமாட்டில் எப்போதும் கிடக்கும். இந்த நோக்களில் மிகப் பெரும்பாலானவை தசையோடும் மூட்டோடும் சம்பந்தப்பட்டவை. சில வாரங்களில் தானாகக் குறைந்துவிடும். ஆகவே, இதை வாசித்துவிட்டு இன்றிரவே அம்மாவை ஈமேஜென்சிக்குக் கொண்டு ஓடவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓடவேண்டிய சந்தர்ப்பமும் ஒன்று இருக்கிறது. அது அபூர்வம். ஆனால் அது வரும்போது கையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் டொக்டருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கப்போவது நீங்கள்தான். இங்கே வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு வந்து வாய்த்த வேலை அது.

லிம்போமா என்ற புற்றுநோயை அநேகமானவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடம்பின் காவல் வேலையைச் செய்யும் வெள்ளைக் கலங்களில் ஒருவகை கட்டுமீறிப் பெருகுவது. வழக்கமாக அது நெறி கட்டித்தான் வெளியே தெரியும். கழுத்தில், கமக்கட்டில், தொடையிடுக்கில் நோவில்லாத ஒரு கட்டி. சளிக்காய்ச்சலில் கட்டும் நெறி தொட்டால் நோகும், காய்ச்சல் மாறச் சுருங்கிவிடும். இது சுருங்காது. சிலருக்கு இரவில் உடுப்பு நனைய வேர்க்கும், காரணமில்லாமல் காய்ச்சல் வந்துவந்து போகும், ஆறு மாதத்துக்குள் உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆனால் இந்த ஒழுங்கில் வராமல், கழுத்திலும் ஒன்றுமில்லை, காய்ச்சலும் இல்லை, நோய் முதன்முதலில் காலில் வந்து தெரிகிற ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த முறை.

முள்ளந்தண்டு எலும்பால் ஆன ஒரு குழாய். அதற்குள் மூளையிலிருந்து இறங்கும் நரம்பு வடம் ஓடுகிறது. ஊரில் விஞ்ஞானம் படித்த அம்மா அப்பாவுக்கு ‘முண்ணாண்’ என்றால் உடனே விளங்கும். சின்ன விரல் தடிப்புத்தான் இருக்கும். காலுக்குப் போகும் கட்டளை, காலிலிருந்து வரும் உணர்ச்சி, சலம், மலம் எல்லாவற்றின் கட்டுப்பாடும் அந்த ஒரு வடத்துக்குள்தான். அதற்கும் எலும்புக்கும் நடுவே கொஞ்சம் கொழுப்பும் சில இரத்தநாளங்களும் இருக்கும் மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. முள்ளந்தண்டுக்கு அருகிலுள்ள நிணநீர்க் கணுவில் வளரும் லிம்போமா, நரம்புகள் வெளியே வரும் துவாரங்கள் வழியாக அந்த இடைவெளிக்குள் நுழைந்துவிடும். சுற்றிவர எலும்பு. கட்டி வளர இடமில்லை. ஆகவே வடத்தைத்தான் நெருக்கும்.

இப்படி நுழையும்போது அது எலும்பை அதிகம் அரிக்காமலே போய்விடலாம். அதனால் எக்ஸ்றேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். “எக்ஸ்றே எடுத்தது, ஒண்டுமில்லையாம்” என்ற செய்தி குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் வந்ததும் எல்லோரும் கும்பிடு போட்டு ஆறுதல் அடைவோம். எலும்பு முறியவில்லை என்பதற்கு அது நல்ல செய்தி. வடம் நெருக்கப்படவில்லை என்பதற்கு அது அத்தாட்சி இல்லை.

நெருக்கம் தொடங்கியதும் முதலில் அடைபடுவது வடத்திலிருந்து இரத்தத்தைத் திருப்பி எடுக்கும் நாளங்கள். இரத்தம் தேங்கி வடம் வீங்கும். இந்தக் கட்டத்தில் அழுத்தத்தை எடுத்துவிட்டால் வடம் பெரும்பாலும் மீண்டுகொள்ளும். அதற்குமேல் போனால் உள்ளே வரும் இரத்தமும் நின்றுபோகும், நரம்புக் கலங்கள் செத்துவிடும். செத்த கலம் திரும்ப முளைக்காது. முதலாவது கட்டம் சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும், சிலருக்கு இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். சிகிச்சை தொடங்கும் நாளில் நோயாளி தன் காலில் நடக்கிறாரா என்பதைப் பார்த்துத்தான் பிறகு அவர் நடப்பாரா என்பதை வைத்தியர்கள் கணிப்பார்கள். அந்த அளவுக்கு நம்பகமான அறிகுறி வேறில்லை.

இதை லிம்போமாவில் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும்? இது மருந்துக்கும் கதிருக்கும் மளமளவென்று கரைகிற நோய். பல வகைகளை முற்றாக மாற்ற முடியும். மாற்ற முடியாத வகைகளோடும் ஆட்கள் பல வருடம் இருக்கிறார்கள். அப்படியானால் நோய் போய், ஆயுளும் கிடைத்து, கால் மட்டும் போய்விட்டால் அந்த இருபது வருடத்தை எப்படிக் கழிப்பது? அப்பா அந்தக் கதிரையிலேயே இருக்க வேண்டி வரும். நோய் பிடிபட்ட மாதத்தைவிட, கால் சோரத் தொடங்கிய அந்த இரண்டு மூன்று நாள்தான் இங்கே பெரிய விஷயம்.

லிம்போமாவை மாற்றலாம் என்ற நம்பிக்கையில் எங்கள் ரொறன்ரோவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. லண்டன் கைஸ் வைத்தியசாலையில் வேலை செய்த தோமஸ் ஹொட்ஜ்கின் 1832ஆம் ஆண்டு ஏழு நோயாளிகளின் கதையை எழுதினார். அவர் பெயரில்தான் ஹொட்ஜ்கின் லிம்போமா. அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக அது மாறாத நோய் என்றே வைத்தியர்கள் நம்பினார்கள். ரொறன்ரோவில் கதிர்ச் சிகிச்சை வைத்தியராக இருந்த வேரா பீற்றர்ஸ், பழைய நோயாளிகளின் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து 1950ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். நோய் பரவுவதற்கு முன்னர் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலானோர் பத்து வருடம் கழிந்தும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். பலர் நம்பவில்லை. ஒரு பெண், அதுவும் பெரிய பேராசிரியர் பதவி ஒன்றும் இல்லாதவர் சொன்னதை ஏற்க அந்தக் காலத்து ஆண் வைத்தியர்களுக்கு நாள் எடுத்தது என்பது என் அபிப்பிராயம். 1958ஆம் ஆண்டு பிறின்சஸ் மாகிறெட் வைத்தியசாலை திறந்தபின் அவர் அங்கேதான் வேலை செய்தார். இப்போது யூனிவர்சிற்றி அவெனியூவில் நீங்கள் பார்க்கிற அதே பிறின்சஸ் மாகிறெட், முன்னர் ஷேர்போர்ன் வீதியில் இருந்தது.

ஒன்ராறியோவிலேயே இந்த வட நெருக்கத்தைக் கணக்கெடுத்தும் இருக்கிறார்கள். ரொறன்ரோவைச் சேர்ந்த அன்ட்றூ லொப்லோவும் கூட்டாளிகளும் 1990 முதல் 1995 வரை மாகாணத்தில் புற்றுநோயால் இறந்தவர்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். இறப்புக்கு முந்திய ஐந்து வருடத்துக்குள் வட நெருக்கத்துக்காக ஒருமுறையேனும் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவர்கள் நூற்றுக்கு 2.5 பேர். எல்லா வகைப் புற்றுநோயும் சேர்ந்த கணக்கு இது.

என்னைக் கூடுதலாக உறுத்தியது ஸ்கொட்லாந்திலிருந்து 2002ஆம் ஆண்டு வந்த ஆய்வு. அதுவும் எல்லாப் புற்றுநோயும் சேர்ந்ததுதான். வட நெருக்கம் வந்த 319 பேரைக் கேட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் முதலில் நோ இருந்திருக்கிறது. நடுத்தரமாகப் பார்த்தால் மூன்று மாதம். ஆனால் நோய் பிடிபட்ட நாளில் நூற்றுக்கு 82 பேர் நடக்க முடியாமலோ ஒருவர் பிடித்தால் மட்டும் நடக்கக்கூடிய நிலையிலோ இருந்திருக்கிறார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் தனக்குப் புற்றுநோய் இருக்கிறது என்பதே அதுவரை தெரியாது. நோ இருக்கும் இடமும் வடம் நெருக்கப்படும் இடமும் பல பேருக்குப் பொருந்தவில்லை என்பது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. இதை மனதில் வைத்திருங்கள். கீழே தேவைப்படும்.

மூன்று மாதம் நோவோடு இருந்தவர்கள் ஆங்கிலம் பேசுகிறவர்கள். தங்கள் வாயாலேயே தங்கள் டொக்டரிடம் சொன்னவர்கள். எங்கள் வீட்டில் நடப்பதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஸ்காபரோவில் ஒரு வோக்-இன் கிளினிக். அப்பாவுக்கு 72 வயது. மகள் வேலையில் அரைநாள் லீவு எடுத்து வந்திருக்கிறாள். அப்பா சொல்கிறார்:

“பிள்ளை, நாரியில இல்லை, அதுக்கு மேல நடுமுதுகில ஒரு உளைவு. படுத்தால்தான் கூட. இப்ப ரெண்டு மூண்டு நாளா கால் விறைக்குது. படியேறேக்க சோர்ந்துபோகுது.”

மகள் டொக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்கிறாள்: “அவருக்கு முதுகு வலி. இரவில் சரியாக நித்திரை இல்லை. கால் இறுக்கமாக இருக்கிறதாம், கொஞ்சம் களைப்பாகவும் இருக்கிறாராம்.”

ஒரு பொய்யும் இல்லை. மகள் அப்பாவில் உயிர். ஆனாலும் டொக்டர் எழுதிக்கொள்வது வயதுபோன ஒருவரின் முதுகு வலி, நித்திரைக் குறைவு, களைப்பு. அப்பா தமிழில் சொன்னது வேறொரு கதை. அதில் நாலு அபாய அறிகுறிகள் இருந்தன. நாலும் மொழிபெயர்ப்பில் கரைந்துபோய்விட்டன.

சொல் சொல்லாகப் பார்ப்போம். எங்கள் பெரியவர்கள் நாரி என்றால் இடுப்போடு சேர்ந்த கீழ்ப்பகுதி. முதுகு என்றால் அதற்கு மேல். ஆங்கிலத்தில் இரண்டையும் ‘பாக் பெயின்’ என்று ஒரே பைக்குள் போட்டுவிடுகிறோம். சாதாரண பிடிப்பும் டிஸ்க் கோளாறும் கூடுதலாக வருவது நாரியில். புற்றுநோயால் வடம் நெருக்கப்படுவது கூடுதலாக நடப்பது நடுமுதுகில், விலா எலும்புகள் பொருந்தும் பகுதியில். ஆகவே நாரியா முதுகா என்று கேட்டு, அப்பாவின் கையாலேயே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். டொக்டரும் பார்க்கட்டும்.

‘படுத்தால் கூட’ என்பதை நித்திரையில்லை என்று மாற்றிவிடக் கூடாது. பிடிப்பு என்றால் படுத்தால் சுகமாக இருக்கும். படுக்கப் படுக்கக் கூடுகிற நோ, விடியப்புறம் எழுப்பிவிடுகிற நோ, இருமினாலோ முக்கினாலோ சுள்ளென்று ஏறுகிற நோ வேறு இனம். சிலர் “நெஞ்சைச் சுத்திப் பட்டி கட்டினமாதிரி இருக்கு” என்பார்கள். அதை வாயுப்பிடிப்பு என்று வெந்தயமும் இஞ்சியும் கொடுத்து ஆற்றப் பார்ப்போம். பட்டி என்ற அந்தச் சொல்லை அப்படியே டொக்டரிடம் கொடுங்கள். முதுகிலிருந்து முன்பக்கம் சுற்றிவரும் நோ நரம்பு நெருங்குவதால் வரக்கூடும்.

விறைப்பு. இந்த ஒரு சொல்லில்தான் ஆகக் கூடுதலான பிழை வருகிறது. யாழ்ப்பாணத்துத் தமிழில் கால் விறைக்குது என்றால் உணர்ச்சி குறைந்து மரத்துப்போகிறது என்று அர்த்தம். குளிரால் விறைத்தாலும் அதே சொல். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு விறைப்பு என்றால் வளையாமல் இறுகி நிற்பது. இங்கே பிறந்த பிள்ளைக்கு அகராதி தட்டினால் இந்த மூன்றாவதுதான் முதலில் வரும். ‘ஸ்டிஃப்’ என்று சொல்லிவிடுவீர்கள், சொல்லவேண்டியதோ ‘நம்ப்’. சந்தேகம் இருந்தால் அப்பாவிடம் இப்படிக் கேளுங்கள்: “சொக்ஸ் போட்டிருக்கிறது தெரியுதா? தண்ணி சூடா குளிரா எண்டு காலுக்கு விளங்குதா? செருப்புக் கழண்டு போனால் பார்க்காமலே தெரியுமா?” செருப்புக் கழன்றது தெரியாமல் நாலடி நடந்த கதையை அம்மா சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பா. அது சிரிக்கிற கதை இல்லை. விறைப்பு பாதத்தில் தொடங்கி முழங்கால், தொடை, வயிறு என்று மேலே ஏறிக்கொண்டு வருகிறதா என்பதையும் கேளுங்கள்.

அடுத்தது சோர்வு. ‘எனக்குச் சோர்வா இருக்கு’ வேறு, ‘கால் சோருது’ வேறு. முதலாவது களைப்பு. இரண்டாவது பலம் போகிறது. அதைக் களைப்பு என்று சொன்னால் டொக்டர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதி அனுப்புவார். பலம் குறைகிறது என்று சொன்னால் அந்த இடத்திலேயே காலைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார், சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்ப்பார். போன கிழமை கையூன்றாமல் கதிரையால் எழும்பியவருக்கு இந்தக் கிழமை கையூன்ற வேண்டியிருக்கிறது, கோவில் படியில் இப்போது கம்பியைப் பிடித்துத்தான் ஏறுகிறார் என்றால் அந்த மாற்றத்தை நாள் கணக்கோடு சொல்லுங்கள். பத்து வருடமாக முழங்கால் நோவால் மெல்ல நடக்கிறவரையும், ஐந்து நாளாகத் தடுமாறுகிறவரையும் ஒரே வசனத்தில் போடக்கூடாது. தடுமாற்றத்தைப் பெரியவர்கள் ‘தலைச்சுத்து’ என்றும் சொல்லுவார்கள். உண்மையில் தலை சுற்றாது, காலடி எங்கே விழுகிறது என்று தெரியாமல்தான் தள்ளாடியிருப்பார்கள்.

மிச்சம் இருப்பது எல்லாவற்றிலும் கஷ்டமானது. சலம். அப்பா மகளிடம் சொல்லமாட்டார். அம்மா மகனிடம் சொல்லமாட்டா, மருமகன் காரில் இருந்தால் வாயே திறக்கமாட்டா. “சலம் போறது சுணங்குது”, “முட்டிக்கொண்டு நிக்குது, வருகுதில்லை”, “போனது தெரியேல்லை”, “இருக்கிற இடம் மரத்துப்போச்சு” இவையெல்லாம் வடமோ அதன் அடி நரம்புகளோ நெருக்கப்படும்போது சொல்லக்கூடிய வார்த்தைகள். அம்மாவுக்கு மகளும் அப்பாவுக்கு மகனும் தனியாகக் கேட்பது ஒரு வழி. அதைவிட நல்லது, வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது. பெரிய வைத்தியசாலைகளில் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தருவார்கள். முன்பின் தெரியாத ஒரு குரலிடம் எங்கள் பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லாததைச் சொல்லிவிடுவார்கள். தயவுசெய்து பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

சரி, எப்போது எங்கே போவது? முதுகு நோவோடு கால் பலம் குறைகிறது, விறைப்பு ஏறுகிறது, சலம் மலத்தில் மாற்றம், இவற்றில் ஒன்று புதிதாக வந்திருந்தாலும் அன்றே ஈமேஜென்சி. குடும்ப வைத்தியரின் அப்பொயின்மென்ட் அடுத்த செவ்வாய் என்றால் செவ்வாய் வரை இருக்க வேண்டாம். நடக்கவே முடியாவிட்டால் 911. கால் நன்றாக இருக்கிறது, ஆனால் நடுமுதுகு நோ வாரக்கணக்காக இரவில் கூடுகிறது, நிறை குறைகிறது, எங்கோ நெறி கட்டியிருக்கிறது என்றால் குடும்ப வைத்தியரைச் சில நாட்களுக்குள் பாருங்கள். எதற்குள் அடங்கும் என்று குழப்பமாக இருந்தால் 811ஐ அழைத்துத் தாதி ஒருவரோடு கதைக்கலாம். மொழிபெயர்ப்பு உதவியும் கேட்டு வாங்கலாம். முன்னர் எப்போதோ புற்றுநோய் வந்து மாறியவர் என்றால், அதைத்தான் முதல் வசனமாகச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் அதை மறைப்பதுண்டு. ஊருக்கு மறைப்பது உங்கள் விருப்பம், டொக்டருக்கு மறைக்காதீர்கள்.

அங்கே போனபின் நடப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும். எம்.ஆர்.ஐ தான் பதில் சொல்லும். நாரிப் பகுதியை மட்டும் எடுத்தால் போதாமல் போகலாம், ஏனென்றால் நோ நாரியில் இருந்தாலும் நெருக்கம் மேலே இருக்கலாம். அந்த ஸ்கொட்லாந்து முடிவை ஞாபகப்படுத்துகிறேன். கால் இரண்டும் சோர்கிற ஒருவருக்கு “முழு முள்ளந்தண்டையும் பார்ப்பீர்களா?” என்று பணிவாகக் கேட்பதில் பிழையில்லை. இரவு நேரமென்றால் ஸ்காபரோவிலிருந்து சன்னிபுறூக்குக்கோ டவுன்டவுனுக்கோ அம்புலன்சில் மாற்றவும் கூடும். மாற்றுகிறார்களே என்று பயப்பட வேண்டாம், முள்ளந்தண்டு சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கும் இடத்துக்குத்தான் கொண்டுபோகிறார்கள்.

வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் கொடுப்பார்கள். லிம்போமாவில் இதற்கு ஒரு விசேஷம் உண்டு. ஸ்டீரொய்ட் வீக்கத்தை மட்டுமல்ல, லிம்போமாக் கலங்களையே கொல்லும். கேட்க நல்லதுதான். ஆனால் ஊசி வைத்துத் துண்டெடுத்துப் பார்க்கும் முன்னர் கட்டி சுருங்கிவிட்டால், அது எந்த வகை என்று கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும். வகை தெரியாமல் சரியான மருந்து இல்லை. அதனால்தான் சில வேளை டொக்டர்கள் “முதலில் பயொப்சி” என்று அவசரப்படுவார்கள். கால் போகும் ஆபத்து முன்னே நின்றால் காத்திருக்காமல் ஸ்டீரொய்டைக் கொடுத்தும் விடுவார்கள். அந்தத் தீர்மானம் அவர்களுடையது. உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று: மாமியிடம் மிச்சம் கிடந்த பிறெட்னிசோனை “நோவுக்கு நல்லது” என்று அப்பாவுக்குக் கொடுக்காமல் இருப்பது. கொடுத்திருந்தால் அதை டொக்டரிடம் சொல்வது. குளிசைப் பரிமாற்றம் எங்கள் சமூகத்தின் ஒரு தனி வங்கி, அதைப் பற்றி இன்னொரு நாள் எழுத வேண்டும்.

பயொப்சிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இலங்கை, இந்தியாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு முள்ளந்தண்டில் காசநோய் வந்தாலும் இதே மாதிரி நடுமுதுகு நோ, நிறைக் குறைவு, இரவு வேர்வை, கால் சோர்வு வரலாம். சிகிச்சை முற்றிலும் வேறு. பழைய காசநோய்க் கதை குடும்பத்தில் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

“ஒப்பரேஷன் செய்தால் நல்லதாம், கூகிளில் கிடக்கு” என்று ஒரு மச்சான் கட்டாயம் சொல்வார். அவர் பார்த்தது அநேகமாக 2005ஆம் ஆண்டு ‘லான்செற்’றில் வந்த ஆய்வாக இருக்கும். 101 நோயாளிகள். சத்திரசிகிச்சையோடு கதிரும் பெற்றவர்களில் நூற்றுக்கு 84 பேர் நடந்தார்கள், கதிர் மட்டும் பெற்றவர்களில் 57 பேர். மச்சான் சொல்வது சரி. ஆனால் அந்த ஆய்வில் லிம்போமா நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. லிம்போமா கதிருக்கும் கீமோவுக்கும் அவ்வளவு வேகமாகக் கரையும் என்பதுதான் காரணம். எலும்பு நொறுங்கி முள்ளந்தண்டு ஆட்டம் கண்டிருந்தாலோ, நோய் எதுவென்று தெரியாமல் கால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாலோ லிம்போமாவிலும் கத்தி தேவைப்படும். இல்லாவிட்டால் “ஏன் இன்னும் ஒப்பரேஷன் செய்யேல்லை” என்று வாசலில் நின்று சண்டை பிடிக்கத் தேவையில்லை.

பெரியவர்களையே பேசிக்கொண்டிருக்கிறேன். லிம்போமா பிள்ளைகளுக்கும் வரும். ஹொட்ஜ்கின் வகை அறுபது வயதைத் தாண்டியவர்களைப் போலவே பதின்மத்தின் கடைசியிலும் இருபதுகளிலும் இருப்பவர்களையும் தேடி வரும். சின்னப் பிள்ளைகளில் வேகமாக வளரும் இன்னொரு வகைக்கு டெனிஸ் பேர்கிற் என்ற ஐரிஷ் சத்திரசிகிச்சை வைத்தியரின் பெயர். 1957ஆம் ஆண்டு உகண்டாவின் கம்பாலாவில், முலாகோ வைத்தியசாலையில், தாடை இரண்டு பக்கமும் வீங்கிய ஒரு பையனைக் கண்டதிலிருந்து தொடங்கிய கதை அது. பிறகு 1961இல் இரண்டு நண்பர்களோடு பழைய வாகனம் ஒன்றில் ஏறக்குறைய பத்தாயிரம் மைல் ஓடி, எந்தெந்த ஊரில் இந்தக் கட்டி வருகிறது என்று வைத்தியசாலை வைத்தியசாலையாகக் கேட்டார். ஆபிரிக்காவில் இந்த நோயோடு வந்த பிள்ளைகளில் சிலர் கால் இயங்காத நிலையில்தான் முதலில் தூக்கிவரப்பட்டார்கள். மருந்து கொடுத்ததும் கட்டி கரைந்த வேகம் அன்றைய வைத்தியர்களை ஆச்சரியப்படுத்தியது.

உங்கள் மகளுக்கு முதுகு நோகிறது என்றால் முதலில் புத்தகப் பையைத் தூக்கிப் பாருங்கள், பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு எத்தனை மணித்தியாலம் அரைமண்டியில் நிற்கிறாள் என்று கேளுங்கள். விடை அங்கேயே இருக்கும். ஆனால் இரவில் நோவால் எழும்பும் பிள்ளை, திடீரென்று நொண்டும் பிள்ளை, படியில் தடக்கி விழத் தொடங்கிய பிள்ளை, எப்போதோ நிறுத்திய கட்டில் நனைப்பை மீண்டும் தொடங்கிய சின்னப் பிள்ளை, இவர்களை அன்றே காட்ட வேண்டும். சின்னப் பிள்ளைக்கு முதுகு நோ வருவதே வழக்கமல்ல.

ஹொக்கி பார்க்கிற வீடென்றால் மாரியோ லெமியூவைத் தெரிந்திருக்கும். 1990இல் டிஸ்க் பிதுங்கி முதுகில் சத்திரசிகிச்சை, பிறகு அதே இடத்தில் கிருமித் தொற்று. 1993 ஜனவரியில் ஹொட்ஜ்கின் லிம்போமா. அது பிடிபட்டது கழுத்தில் கட்டிய நெறியால். முதுகு நோவும் லிம்போமாவும் ஒரே ஆளில் இருந்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. கதிர்ச் சிகிச்சை முடிந்த அன்று இரவே விளையாடப் போய் ஒரு கோலும் அடித்தார் அந்த மனிசன். எல்லோரும் அப்படி எழும்பி ஓடவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எண்ணெய் பூசி உருவுவதைப் பற்றியும் ஒரு சொல். மெதுவாகத் தடவுவதால் கெடுதல் வராது, அம்மாவின் கை பட்டால் பாதி நோ போய்விடும் என்பதும் உண்மைதான். ஆனால் காரணம் தெரியாத நடுமுதுகு நோவுக்கு, அதுவும் கால் விறைக்கும் ஒருவருக்கு, முள்ளந்தண்டை முறுக்கி ‘டக்’கென்று சொடுக்கெடுக்க யாரையும் விடாதீர்கள். முதலில் படம், பிறகு மற்றதெல்லாம்.

பிந்திப் போய்விட்டவர்களுக்கும் கதவு மூடியில்லை. முதலில் கால் அசையாதவர்களில் ஒரு பகுதியினர், அழுத்தம் நீங்கியபின் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் பெறுகிறார்கள். லிம்போமாவில் அந்த வாய்ப்பு மற்றப் பல புற்றுநோய்களைவிடக் கூட. லீசைட் பக்கம் லிண்டேர்ஸ்ட் என்ற மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. 1945ஆம் ஆண்டு, யுத்தத்தில் முள்ளந்தண்டு அடிபட்டுத் திரும்பிய படைவீரர்களுக்காகத் தொடங்கியது. இப்போது ரொறன்ரோ றீஹாப்பின் ஒரு பிரிவு. கீமோவும் கதிரும் நடக்கும்போதே, “றீஹாப்புக்கு எப்ப எழுதுவீங்கள்?” என்று வைத்தியரிடமும் சமூகசேவையாளரிடமும் கேட்டுவையுங்கள். இடம் கிடைக்கச் சுணங்கும். கேட்டவருடைய பெயர்தான் முதலில் பட்டியலில் ஏறும்.